எதிர்க்கடை மெத்தை

கேட்ட விலையைக் கேட்டபடியே கொடுப்பவன் ஒன்று நேற்றைக்குப் பணக்காரன் ஆனவனாக இருக்க வேண்டும், இல்லை மாமனார் வீட்டுக்குச் சாமான் வாங்குகிற புது மாப்பிள்ளையாக இருக்க வேண்டும். சர்க்கரை அக்கா பிறந்த வீட்டில் பிள்ளைகளுக்கு அ, ஆ கற்றுக்கொடுக்கும் முன்னால் இதைத்தான் கற்றுக்கொடுத்தார்கள். அப்படி வளர்ந்தவள் ஆண்டவரிடமும் பேரம் பேசியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சர்க்கரை என்பது கடைவீதி அவளுக்கு வைத்த பெயர். மெத்தை வியாபாரம். வாடிக்கையாளர் படியேறும்போதே, "வாங்க, இப்பதான் உங்களை நினைச்சேன்" என்பாள். முதல் தடவை வருகிறவர்களிடமும் அதையேதான் சொல்வாள். அவர்களும் நம்பி உட்கார்ந்துவிடுவார்கள்.

தெருவைத் தாண்டி நேர் எதிரே இன்னொரு மெத்தைக்கடை. அதன் முதலாளியம்மாவுக்குப் பெயர் வெண்கலம். குரல் அப்படி. அவள் கடைக்குள்ளிருந்து, "ஃபோம் மெத்தை, பஞ்சு மெத்தை, ஸ்பிரிங் மெத்தை, வந்து படுத்துப் பாருங்க" என்று ஒரு குரல் கொடுத்தால் தெருமுனை பஸ்ஸில் தூங்குகிறவன் எழுந்து, இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டதோ என்று பதறுவான். புருஷன் போன பிறகு அந்தக் குரலை வைத்துத்தான் கடையை நடத்தினாள், மகளைப் படிக்க வைத்தாள். கடைக்கு மேலேயே குடியிருப்பு. கடை இருக்கிறவரைக்கும்தான் வீடும்.

அந்தத் தெருவில் எந்தப் பொருளிலும் விலை எழுதி ஒட்டுகிற வழக்கம் கிடையாது. விலை என்பது நாக்கில் பிறந்து, நாக்கில் வளர்ந்து, நாக்கிலேயே முடிகிற சமாசாரம்.

சர்க்கரை எதிர்க்கடையைப் பற்றிக் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னதில்லை. சொன்னதெல்லாம் நல்ல வார்த்தைதான். "பாவம், தங்கமான மனுஷி. ஒண்டியா நின்னு பொண்ணை வளர்க்குறா. மெத்தைதான்…" என்று நிறுத்துவாள். வந்தவர், "மெத்தைக்கு என்ன?" என்று கேட்காமல் இருக்க முடியாது. "படுத்து ஆறு மாசத்துல நடுவுல குழி விழும்னு சொல்றாங்க. நான் சொல்லலீங்க, சொல்றாங்க." இவ்வளவுதான். ஊசி ஏறியதே தெரியாது. மருந்து மட்டும் வேலை செய்யும்.

இப்படி இருக்கையில் வெண்கலத்தின் தொண்டையில் ஒரு சின்னக் கட்டி வந்தது. பயப்பட வேண்டியது இல்லை என்று சொல்லி டாக்டர் அதை எடுத்துவிட்டார். ஆனால் ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது, குசுகுசுவென்றுகூடப் பேசக் கூடாது, மீறினால் குரல் திரும்பி வராது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்த ஒரு மாதம் எந்த மாதம் என்பதுதான் விஷயம். காலேஜ் திறக்கிற மாதம். ஹாஸ்டல்காரர்களும், வாடகை அறைக்காரர்களும், பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிற அப்பா அம்மாக்களும் மெத்தை வாங்குகிற மாதம். வருஷம் பூராவும் அந்த மாதத்தை நம்பித்தான் இரண்டு கடையும் மூச்சு விடும். வெண்கலம் சரக்கைக் கூரை வரைக்கும் அடுக்கி வைத்திருந்தாள். கட்டடச் சொந்தக்காரரோ, "சீசன் முடியறதுக்குள்ள சரக்கு நகரலன்னா கடையைச் செருப்புக்கடைக்காரருக்கு விட்டுடறேன்மா, அவர் ரொம்ப நாளா கேக்குறார்" என்று சொல்லியாகிவிட்டது. சர்க்கரைக்குப் பக்கத்துக் கடையான அந்தச் செருப்புக்கடைக்காரர் அன்றிலிருந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வெண்கலத்தின் கடைச் சுவரைக் கண்ணாலேயே அளந்துகொண்டு போனார்.

வெண்கலம் கழுத்தில் ஒரு சிலேட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கேட்டவருக்கு விலையை எழுதிக் காட்டினாள். அவர்கள் பார்த்தார்கள், போனார்கள். எழுதிய விலையோடு யார் மல்லுக்கு நிற்பது? அது சிரிக்காது, கோபிக்காது, "போங்க, உங்களுக்காக" என்று இறங்கி வராது. எதிர்ப்பக்கம் சர்க்கரைக்குச் சாப்பிட நேரமில்லை.

வாராவாரம் போதகர் வீட்டுக் கூடத்தில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். சர்க்கரையின் ஜெபத்துக்கு அங்கே தனி மவுசு. வியாபாரத்தில் பழகிய நாக்கு, ஜெபத்திலும் இழையும். அந்த வாரம் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு உருகினாள். "ஆண்டவரே, எங்க தெருவுல பேச்சிழந்து உக்காந்திருக்கிற அந்த மகளைப் பாரும். அவளுக்குத் துணையா யாரையாவது அனுப்பும்." எல்லாரும் ஆமென் சொன்னார்கள். இரண்டு பேர் மூக்கைத் துடைத்தார்கள்.

போதகரம்மா ஜன்னல் திரைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். அதிகம் பேசாதவள். எல்லாரும் கிளம்பும் நேரத்தில் சர்க்கரையைப் பார்த்து, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"நல்ல ஜெபம். யாரை அனுப்பலாம்?"

"அது அவர் சித்தம்மா. நாம யாரு சொல்றதுக்கு."

"மெத்தை வியாபாரம் தெரிஞ்ச ஆளா இருந்தா நல்லது, இல்ல?"

"ஆமாம்மா. தெரியாதவங்க வந்து என்ன பண்ணுவாங்க."

"பேச்சும் நல்லா வரணும்."

"அது முக்கியம்மா."

"அந்தத் தெருவுலயே இருக்கிறவங்கன்னா பஸ் செலவும் மிச்சம்."

சர்க்கரை முந்தானையை இழுத்துச் செருகினாள். தூண்டிலை விழுங்கின பிறகுதான் மீனுக்குப் புழுவின் ருசி சந்தேகமாக இருக்கும்.

"அம்மா, அயலாரை நேசிக்கணும், நான் ஒத்துக்குறேன்" என்றாள் கடைசியில். "ஆனா அவ எதுத்த கடை. அயலார்னா பக்கத்துக் கடைதானே? பக்கத்துக் கடை செருப்புக்கடை. அவர் நல்லா கொழுகொழுன்னு இருக்கார்."

போதகரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அதுதான் பதில்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் சர்க்கரை பேரத்தை மேலிடத்தில் ஆரம்பித்தாள். "ஆண்டவரே, தினம் ராத்திரி அவளுக்காக ஜெபம் பண்றேன்" என்று முதல் விலையை வைத்தாள். பதில் இல்லை. "சரி, ஒரு பாத்திரம் சூப்பு கொண்டுபோய்க் கொடுக்கிறேன்." பதில் இல்லை. "ஒரு நாள் மத்தியானம் போய் உக்காந்துட்டு வரேன்." பதில் இல்லை. பேரத்தில் சத்தம் போடுகிறவனைச் சமாளித்துவிடலாம், அழுகிறவனைக்கூடச் சமாளித்துவிடலாம். வாயே திறக்காமல் நிற்கிறவனிடம் மட்டும் நம் விலையை நாமே ஏற்றிக்கொண்டு போவோம். வாசற்படியை மிதிக்கும்போது அவள், "சீசன் முடியற வரைக்கும், தினம் மத்தியானத்துக்கு மேல" என்று ஏறியிருந்தாள். எப்படி ஏறினோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

புருஷனிடம் சொன்னாள். அவர் நல்லவர். வியாபாரத்துக்கு ஆகாத நல்லவர். வாங்க வந்தவர் ஒரு பெருமூச்சு விட்டால் போதும், இவராகவே விலையைக் குறைப்பார்.

"நீ அந்தக் கடைக்குப் போனா நம்ம கடையில யாரு?"

"நீங்கதான்."

"அப்போ ரெண்டு கடையையும் ஒண்ணா மூடிடலாமே."

"கேலி பண்ணாதீங்க. ஆண்டவர் பாத்துக்குவார்."

"பாத்துக்குவார். ஆனா வாங்க வர்றவன் பெருமூச்சு விடுவானே, அதுக்கு என்ன பண்றது?" என்றார் அவர். இருந்தாலும் மறுநாள் காலையிலேயே சட்டைக்கையை மடித்துக்கொண்டு கடையில் வந்து நின்றார்.

அன்று மத்தியானம் சர்க்கரை தெருவைக் கடந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தப் படியை அவள் மிதித்ததே இல்லை. வெண்கலம் நிமிர்ந்து பார்த்தாள். சிலேட்டில் எழுதிக் காட்டினாள்: 'என்ன வேணும்?'

"வேலை செய்ய வந்தேன். உனக்குப் பதிலா நான் பேசறேன்."

'சம்பளம்?'

"வேண்டாம்."

வெண்கலம் வெகுநேரம் யோசித்து எழுதினாள்: 'அப்போ ஏதோ இருக்கு.'

"ஒண்ணும் இல்லம்மா. ஒரு ஜெபம் பண்ணினேன், அது திரும்பி வந்து என் தலையிலயே விழுந்துடுச்சு" என்றாள் சர்க்கரை. அன்றைக்குச் சொன்னதிலேயே அதுதான் சுத்தமான உண்மை. வெண்கலம் பாதி நம்பி, ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

நாக்கில் தேன் இருக்கிறது, சரக்கும் இருக்கிறது, இனி என்ன என்றுதான் சர்க்கரை நினைத்தாள். முதலில் வந்தது ஒரு புதுக்குடித்தனம். அவள் வாயெடுப்பதற்குள் அந்தப் பெண், "இங்க மெத்தை குழி விழும்னு சொல்றாங்களே" என்று புருஷன் காதைக் கடித்தாள். அடுத்து வந்தவர், "குழி விழாத மெத்தை இருக்கா?" என்றே ஆரம்பித்தார். நாலாவது ஆள் படியேறவே இல்லை. வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போனார். சர்க்கரை விதைத்தது ஒன்றுகூடப் பழுதில்லாமல் முளைத்திருந்தது. இத்தனை வருஷமாக எதிரே நின்று தான் எவ்வளவு நல்ல வியாபாரம் செய்திருக்கிறாள் என்பது அவளுக்கு இங்கே வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

வெண்கலத்துக்குக் காரணம் புரியவில்லை. ஒவ்வொருவர் போன பிறகும் மெத்தையின் நடுவே முஷ்டியால் குத்திப் பார்ப்பாள். அது பந்து மாதிரி எழும்பி வரும். உதட்டைப் பிதுக்குவாள். சர்க்கரை வேறு பக்கம் பார்ப்பாள்.

நாட்கள் இப்படியே ஓடின. விடிந்ததும் சர்க்கரை தன் கடையைத் திறப்பாள், லாரிச் சரக்கை இறக்குவாள், புருஷன் முந்தின நாள் விட்டுக்கொடுத்ததையெல்லாம் கேட்டுப் பெருமூச்சு விடுவாள் (அவளுக்கு மட்டும் அவர் விலை குறைக்க முடியாது), பிறகு எதிர்க்கடை, பிறகு வீட்டு அடுப்படி. கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. சீசன் பாதிக்கு மேல் போய்விட்டது. எதிர்க்கடைக் கூரை வரைக்கும் இருந்த சரக்கு கூரை வரைக்குமே இருந்தது.

அந்த நிலையில்தான் ஹாஸ்டல் வார்டன் வந்தாள். கண்ணாடி போட்ட, கறாரான அம்மாள். பெண்கள் ஹாஸ்டல் முழுவதற்கும் புது மெத்தை வேண்டும். ஒரு கடையின் சீசனையே ஒரே கையெழுத்தில் முடிக்கிற ஆர்டர். நேராகச் சர்க்கரையின் கடைக்குத்தான் போனாள். அங்கே சர்க்கரையைக் காணாமல் திரும்பிப் பார்த்தவள், எதிரே கண்டுபிடித்துத் தெருவைக் கடந்து வந்தாள்.

"என்னம்மா, இங்க நிக்கிறீங்க?"

"எல்லாம் நம்ம கடைதாங்க. வாங்க, இப்பதான் உங்களை நினைச்சேன். இதைப் பாருங்க, பிள்ளைங்க படுத்தா…"

"இருங்க" என்றாள் வார்டன். "போன வருஷம் நீங்கதானே சொன்னீங்க, இந்தக் கடை மெத்தையில நடுவுல குழி விழும்னு?"

வெண்கலத்துக்குப் பேச்சுத்தான் போயிருந்தது. காது போகவில்லை. சிலேட்டுக் குச்சியோடு அவள் கை அப்படியே நின்றது.

"சொல்றாங்கன்னு சொன்னேன்" என்றாள் சர்க்கரை.

"யாரு சொல்றாங்க?"

சர்க்கரைக்கு எத்தனையோ பதில்கள் தெரியும். போன மாதம் என்றால் எட்டுப் பேர் தலையில் அதைக் கட்டியிருப்பாள். இப்போது நாக்கு புரளவில்லை. ஏனென்றால் வெண்கலம் கோபமாகப் பார்க்கவில்லை. மெத்தையைத்தான் பார்த்தாள். இத்தனை நாள் குத்திக் குத்திப் பார்த்தாளே, அந்த இடத்தை.

"நான்தான்" என்றாள் சர்க்கரை. "வேற யாரும் சொல்லல. நான் மட்டும்தான் சொன்னேன்."

"படுத்துப் பாத்தீங்களா?"

"இல்லை."

"படுக்காமலேயே குழி தெரிஞ்சுதா?"

சிலேட்டில் கிறீச்சென்று சத்தம். வெண்கலம் ஒரே ஒரு வார்த்தை எழுதிச் சர்க்கரையின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

'படு.'

வாசலோரமாகக் காட்சிக்குப் போட்டிருந்த மெத்தையில், தெருவே பார்க்க, சர்க்கரை செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தாள். "பாருங்க, நடுவுலதான் படுத்திருக்கேன். குழியே இல்ல. இடுப்பைத் தாங்குது. முதுகைக்கூட அப்படியே…" என்று ஆரம்பித்தாள். வாக்கியம் முடியவில்லை. அவள் தூங்கிவிட்டாள்.

இதற்கு மேல் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. எதிரே நின்று பார்த்த புருஷன் சொல்லித்தான் தெரியும். அவர் இன்றுவரைக்கும் அதைச் சொல்லி முடித்தபாடில்லை.

முதலில் வார்டன் பயந்து குனிந்து பார்த்தாளாம். அப்போது குறட்டை கிளம்பியதாம். சாதாரணக் குறட்டை இல்லை, மேடேறுகிற லாரி. போகிறவர்கள் நின்றார்கள். வெண்கலம் அவளை எழுப்பவில்லை. மேலே ஒரு போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு கடைவாசலில் நின்று உதட்டின்மேல் விரலை வைத்து எல்லாரையும் பார்த்தாள்.

தூங்குகிறவளை எழுப்ப யாருக்கு மனசு வரும்? வார்டன் குரலைத் தாழ்த்தினாள். பிறகு அதுவும் அதிகம் என்று விரலை நீட்டி விலை கேட்டாள். வெண்கலம் விரலால் சொன்னாள். வார்டன் குறைத்து நீட்டினாள். வெண்கலம் சும்மா பார்த்தாள். வார்டன் கொஞ்சம் ஏறினாள். வெண்கலம் இன்னும் சும்மா பார்த்தாள், பிறகு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற மாதிரி வார்டனின் மடங்கிய விரல் ஒன்றை எடுத்து மெதுவாக நிமிர்த்திவிட்டாள். வார்டனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வியாபாரம் முடிந்தது. கூட்டத்தில் இருந்தவர்களும் விரலை நீட்ட ஆரம்பித்தார்கள். அந்தத் தெரு தோன்றிய நாளாக அவ்வளவு அமைதியான வியாபாரம் நடந்ததில்லை. எல்லாரும் ஊமையாகிவிட்ட இடத்தில் ஊமையாகப் பழகினவளை யார் ஜெயிப்பது?

செருப்புக்கடைக்காரர், "என்னய்யா கூட்டம்?" என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஷ்ஷ் என்று ஒரு தெருவே அவர்மேல் பாய்ந்தது. மனிதர் பயந்துபோய்த் தன் செருப்பைத் தானே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நடந்து வந்தார். கூட்டத்தோடு வந்து நின்றிருந்த சர்க்கரையின் புருஷன் காதில் கிசுகிசுத்தார்.

"என்னப்பா, உன் சம்சாரம் இங்க வந்து தூங்குறா?"

"அதாங்க ஆச்சரியம்" என்றார் அந்த நல்லவர், கிசுகிசுக்கத் தெரியாமல். "நம்ம வீட்டு மெத்தையில இவ இப்படித் தூங்கி நான் பாத்ததே இல்ல."

அவர் சொன்னது தெரு முழுக்கக் கேட்டது. மிச்சமிருந்த சரக்குக்கும் அதோடு வேலை முடிந்தது. சொந்தக் கடைக்கு அதைவிடப் பெரிய துரோகத்தை யாரும் செய்திருக்க முடியாது. அவருக்கு அது உறைத்தது வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போதுதான்.

சர்க்கரை கண் விழித்தபோது வெயில் தெருவின் அந்தப் பக்கம் போயிருந்தது. கடைச் சுவர் மொட்டையாகத் தெரிந்தது. திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"ஐயோ, மெத்தையெல்லாம் எங்க?"

வெண்கலம் சிலேட்டைத் திருப்பினாள். முன்னாலேயே எழுதித் தயாராக வைத்திருந்தாள். 'வித்தாச்சு.'

"எல்லாமா? நான் படுத்திருக்கிற இது?"

'அதுவும். எந்திரி.'

பக்கத்திலேயே ஹாஸ்டல் ஆள்கள் இரண்டு பேர், பொறுமையின் எல்லையில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

அவர்கள் தூக்கிக்கொண்டு போன பிறகு வெறும் தரையில் இரண்டு பெண்களும் நின்றார்கள். சர்க்கரை மெல்ல ஆரம்பித்தாள். "எத்தனை பேர்கிட்ட அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியாதும்மா. உன் பொண்ணு வாய்க்குப் போறதை…" வெண்கலம் கையைக் காட்டி நிறுத்தினாள். சிலேட்டைக் கழற்றித் துணியால் அழுத்தித் துடைத்து அவளிடம் நீட்டினாள். சர்க்கரை வாங்கி, என்ன எழுதியிருக்கிறாள் என்று வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துத் தேடினாள். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அது புரிந்தபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, மூக்குத்தான் அவதிப்பட்டது.

இன்னொன்றும் நடந்திருந்தது. கூட்டமும் போட்டி போட்டு வாங்கியதில் ஹாஸ்டலின் மாடி அறைகளுக்கு மெத்தை போதவில்லை. வெண்கலம் எதிர்க்கடையைக் கை காட்டினாளாம். வார்டன் விடாமல், "நீங்க படுத்துப் பாத்தீங்களா?" என்று கேட்டாளாம். வெண்கலம் இல்லை என்று தலையாட்டிவிட்டு, தெருவைக் கடந்து போய், சர்க்கரையின் கடை மெத்தையில் கையைக் காலை நீட்டிப் படுத்துப் பார்த்து, திரும்பி வந்து, நல்ல மெத்தைதான் என்று தலையை அசைத்தாளாம். வார்டன் பெருமூச்சு விடுகிற ஜாதி இல்லை. அதனால் சர்க்கரையின் புருஷன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு நல்ல வியாபாரம் செய்தார்.

கடை தப்பித்தது. மாடி வீடும் தப்பித்தது. கட்டடக்காரர் வந்து பார்த்துவிட்டு, அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். செருப்புக்கடைக்காரர் சுவரை அளப்பதை விட்டுவிட்டு ஒரு தலையணை வாங்கினார். ஜெபக்கூட்டத்தில் மட்டும் ஒரு மாற்றம். 'யாரையாவது அனுப்பும்' என்று இப்போதெல்லாம் யாரும் ஜெபிப்பதில்லை. ஜெபிக்கும் முன்னால் போதகரம்மாவின் ஊசி நிற்கிறதா ஓடுகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்கிறார்கள்.

வெண்கலம் இனிப் பேசலாம் என்று டாக்டர் சொன்ன நாளில் தெருவே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் அடக்கி வைத்த வாய், முதலில் யாரை ஒரு வாங்கு வாங்கப் போகிறதோ என்று செருப்புக்கடைக்காரர் வாசலிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வெண்கலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள், தன் கடையைத் திறக்கவில்லை, நேராகச் சர்க்கரையின் கடைப் படியேறினாள். தொண்டையைக் கனைத்தாள். பழைய சத்தம் இன்னும் வரவில்லை. விளிம்பில் தட்டிய கிண்ணம் மாதிரி ஒரு சின்ன ஓசைதான் வந்தது.

"அக்கா, நீ குறட்டை விடுற."

"யாரு, நானா? விடல."

"விடுற. தெருவே கேட்டுச்சு."

"ஏதோ அசதியில கொஞ்சம் வந்திருக்கும்."

"நிறைய."

"சரி தங்கச்சி, நீயும் இறங்கு, நானும் ஏறுறேன். கொஞ்சத்துக்கும் நிறையவுக்கும் நடுவுல வெச்சுக்கலாம்."

வெண்கலம் பதில் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, சும்மா பார்த்தாள்.

சர்க்கரை எவ்வளவு நேரம்தான் தாங்குவாள்?

"சரிம்மா" என்றாள். "நிறையத்தான்."

கேட்ட விலையைக் கேட்டபடியே அவள் கொடுத்தது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.